பத்தொன்பது ஷில்லிங் தொப்பியும் ஒரு ஷில்லிங் புத்தகமும்

(இளையோர்க்கும் பெற்றோர்க்கும் உரிய பாடம்)

பாடத்தின் நோக்கம்

சிறு பொருள்களை வாங்குவதற்கும் வாழ்க்கைத் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கும் தொடர்பு உண்டோ என்று வினவினால், பெரும்பாலோர் இல்லை என்றே விடை கூறுவர். ஒரு கைக்கடிகாரம், ஒரு காலணி, ஒரு சட்டை ஆகியவற்றை வாங்க நாம் நெடுநேரம் சிந்திப்பதில்லை. மேற்படிப்பு, தொழில் என்று வரும்போது மட்டும் குடும்பத்தார் அனைவரும் கூடி அமர்ந்து கலந்து பேசுகிறோம். ஆயினும், சிறியதை வாங்கும்போது மனம் எவ்வழியிற் செல்லப் பழகியதோ, பெரியதைத் தேர்ந்தெடுக்கும்போதும் அவ்வழியிலேயே செல்லும். பிறர் கண்ணுக்காகச் சட்டை வாங்கிப் பழகிய பிள்ளை, பிறர் வாய்ச்சொல்லுக்காகவே படிப்பையும் தேர்ந்தெடுக்கிறது. பின்னர், "எனக்கு எத்திசை என்றே தெரியவில்லை" என்று வருந்துகிறது.

இவ்வுண்மையை அறிவுரையாகக் கூறினால் இளையோர் செவியில் ஏறாது. ஆதலின், ஒருவருடைய வரலாற்றைக் கொண்டு விளக்குதல் நன்று. அவர் அண்ணல் காந்தியடிகள். அரையாடை உடுத்திய முதியவராகவே நம் பிள்ளைகள் அவரை அறிவர். அவரே பத்தொன்பதாம் வயதில் நாள்தோறும் பத்து நிமிடம் பெரிய நிலைக்கண்ணாடியின்முன் நின்று கழுத்துப்பட்டியைச் சரிசெய்தவர் என்பதையும், பாரிஸ்டர் பட்டம் பெற்றும் பிழைக்கும் வழி தெரியாது தவித்தவர் என்பதையும் பலர் அறியார். 1925 முதல் 'நவஜீவன்' இதழில் தொடராக வெளிவந்த 'சத்திய சோதனை'யில் அவர் இவற்றை மறையாது எழுதியுள்ளார். இப்பாடத்தில் அவர் வாழ்வைப் பற்றி வரும் தொகைகள் யாவும் அந்நூலில் அவரே குறித்தவை. அவற்றைக் கூட்டிப் பார்ப்பது மட்டுமே நம் வேலை.

வரையறுத்ததும் வரையறுக்காததும்

1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மோகன்தாஸ் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மகன் அயல்நாட்டில் நெறி தவறிவிடுவானோ என்று அன்னை புத்லிபாய் அஞ்சினார். குடும்பத்திற்கு நெருங்கியவரான சமண முனிவர் பேச்சர்ஜி சுவாமி அவ்வச்சத்தை நீக்கினார். மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்னும் விரதத்தை அவர் மோகன்தாசுக்கு அளித்தார். அதன்பின்னரே அன்னை விடைகொடுத்தார். நம் சமயத்தைச் சார்ந்த துறவி ஒருவர் அளித்த அவ்விரதம் அவ்விளைஞரை இறுதிவரை காத்தது என்பது நாம் மகிழ்வோடு நினைத்தற்கு உரியது.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். உணவைப் பற்றி அவர் புறப்படுமுன்பே ஓர் எல்லை வகுத்துக்கொண்டார். உடையைப் பற்றியோ செலவைப் பற்றியோ அத்தகைய எல்லை எதனையும் வகுத்துக்கொள்ளவில்லை. இலண்டனில் உணவு விரதம் நிலைத்து நின்றது; பணம் மட்டும் கரைந்தது. அமைதியான வேளையில் முன்கூட்டியே வகுத்த எல்லைதான் ஆரவாரமான வேளையில் நம்மைத் தாங்கும். கடைக்குள் நுழைந்தபின் எல்லை வகுக்க முனைபவர் தோற்பது உறுதி. இல்லறத்தார்க்கு உரிய மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பொருளே வேண்டா என்று கூறவில்லை. இவ்வளவு போதும் என்று நாமே முன்னதாக வரையறுத்துக்கொள்ளுமாறு கூறுகிறது. அதன் பயன் இங்கே விளங்கும்.

ஒரு ஷில்லிங் புத்தகம்

இலண்டனில் புலால் இல்லாத உணவு கிடைப்பது அரிதாயிருந்தது. மோகன்தாஸ் பசியோடு நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து மரக்கறி உணவகத்தைத் தேடினார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் அத்தகைய உணவகம் ஒன்றைக் கண்டார். அதன் வாயிலருகே கண்ணாடிப் பலகணியில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள், ஹென்றி சால்ட் என்பார் மரக்கறி உணவை ஆதரித்து எழுதிய சிறு நூலும் இருந்தது. அதனை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். பின்னரே உள்ளே சென்று, இங்கிலாந்துக்கு வந்தபின் முதன்முறையாக வயிறார உண்டார்.

அதுவரை அவர் அன்னைக்குக் கொடுத்த வாக்கிற்காகவே புலாலை விலக்கியிருந்தார். அந்நூலைப் படித்தபின், தம் அறிவு ஏற்றுக்கொண்ட கொள்கையாக அதனைக் கடைப்பிடிக்கலானார். பின்னாளில் இலண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். 1891இல் அவர்களுடைய இதழில் கட்டுரைகள் எழுதினார். கூட்டாகப் பணியாற்றுதல், கருத்தை எழுத்தில் வடித்தல் ஆகிய பழக்கங்கள் அங்கே தொடங்கின. அனைத்திற்கும் விதை ஒரு ஷில்லிங் விலையுள்ள ஒரு சிறு பொருளே.

பதினெட்டுப் பவுன் கணக்கு

நிற்க. இத்தகைய தெளிவு பெற்ற பின்னரும் நாகரிக மோகம் அவரைப் பற்றியது. அதற்குரிய காரணத்தைப் பெற்றோர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

நண்பர் ஒருவர் அவரை நாடகத்திற்கு அழைத்துச் செல்லுமுன், ஹோபர்ன் என்னும் ஆடம்பர உணவகத்திற்கு அழைத்துச் சென்றார். முதலில் வந்த சூப்பு எதனால் ஆனது என்று பரிமாறுபவரிடம் கேட்க மோகன்தாஸ் முற்பட்டார். நண்பர் சினந்து, நாகரிகமாக நடந்துகொள்ள இயலாவிடில் வெளியே சென்று காத்திருக்குமாறு கூறினார். மோகன்தாஸ் வெளியே வந்தார். அருகிலிருந்த மரக்கறி உணவகம் மூடியிருந்தமையால் அன்றிரவு உணவின்றியே நாடகம் பார்த்தார்.

அந்நிகழ்ச்சிக்குப் பின், தம் உணவுப் பழக்கத்தால் நண்பர்க்கு ஏற்படும் மனக்குறையை வேறு வகையில் ஈடுசெய்ய எண்ணினார். நடையுடை பாவனைகளில் முழு ஆங்கிலக் கனவானாகிவிட்டால், மரக்கறி உண்பவன் என்னும் குறை மறைந்துவிடும் என்று கருதினார். விரதத்தை அவர் விடவில்லை. ஆனால் அவ்விரதத்தால் தாம் பிறரினின்று வேறுபட்டு நிற்பது அவருக்குக் கூச்சத்தைத் தந்தது. அக்கூச்சத்தை மூடுவதற்கே கடைக்குச் சென்றார்.

பம்பாயில் தைத்த உடைகள் தகுதியற்றவையாகத் தோன்றவே, புதியன வாங்கினார். புகைபோக்கியைப் போன்று உயர்ந்த தொப்பி ஒன்று வாங்கினார். நாகரிகக் கடைகள் நிறைந்த பாண்ட் தெருவில் மாலை விருந்துக்குரிய உடை தைத்துக்கொண்டார். கடிகாரத்திற்கு இரட்டைச் சரத் தங்கச் சங்கிலி வேண்டுமென்று தமையனார்க்கு எழுதிப் பெற்றார். உடை வந்தபின் நடனம் தெரியாவிடில் கனவான் ஆக இயலுமோ? நடன வகுப்பில் சேர்ந்தார். மூன்று வாரங்களில் ஆறு பாடம் ஆயிற்று. பியானோவின் தாளத்திற்குக் கால் இசையவில்லை. செவிக்கு இசைப்பழக்கம் வேண்டுமென்று வயலின் வாங்கினார். அதனைக் கற்பிக்க ஓர் ஆசிரியை வேண்டியதாயிற்று. பின்னர்ச் சொற்பொழிவுப் பயிற்சிக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்தினார். ஒரு பொருள் அடுத்த பொருளை அழைத்து வந்ததைக் காண்க.

அந்நாளில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். 21 ஷில்லிங் ஒரு கினி. தொகை தெரிந்த செலவுகளை மட்டும் வரிசைப்படுத்துவோம்.

தொப்பி – 19 ஷில்லிங்
மாலை விருந்து உடை – 10 பவுன்
நடன வகுப்புக் கட்டணம் – 3 பவுன்
வயலின் – 3 பவுன்
சொற்பொழிவுப் பயிற்சி முன்கட்டணம் – 1 கினி
ஆக மொத்தம் – 18 பவுன்

ஏறத்தாழ மூன்று திங்களில் இம்மோகம் தணிந்தது. தாம் வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்தில் இருக்கப்போவதில்லை என்றும், தாம் ஒரு மாணவர் என்றும், படிப்பே தம் கடமை என்றும் அவர் உணர்ந்தார். சொற்பொழிவு ஆசிரியர்க்கும் நடன ஆசிரியர்க்கும் கடிதம் எழுதி விலகிக்கொண்டார். வயலின் ஆசிரியையிடம் நேரில் சென்று, கிடைத்த விலைக்கு அவ்விசைக்கருவியை விற்றுவிடுமாறு கேட்டுக்கொண்டார். தூய்மையாக உடுத்தும் பழக்கம் மட்டும் அதன்பின் பல்லாண்டுகள் அவரிடம் நிலைத்தது. நன்றாக உடுத்துவது தவறன்று; தம்மை மறைத்துக்கொள்வதற்காக உடுத்துவதே தவறு.

இரவுதோறும் எழுதிய கணக்கு

அதன்பின் அவர் செலவைச் சுருக்கினார். ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்ததை விடுத்து, வாடகைக்கு இரண்டு அறைகள் அமர்த்திக்கொண்டார். வேலையுள்ள இடங்களுக்கு நடந்தே செல்லத்தக்கதாக அவ்விடத்தைத் தேர்ந்தார். நாள்தோறும் எட்டு முதல் பத்து மைல் வரை நடந்தமையால் வண்டிக்கூலி மிஞ்சியது, உடலும் உரம்பெற்றது. பின்னர் அதனையும் ஓர் அறையாகக் குறைத்து, ஓர் அடுப்பு வாங்கிக் காலையுணவைத் தாமே சமைத்தார். ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் சமைக்க இருபது நிமிடத்திற்கு மேற் செல்லவில்லை. நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சில் உணவுச் செலவை முடித்துக்கொண்டார்.

மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேலே கண்ட 18 பவுன் என்பது 4,320 பென்ஸ். நாளொன்றுக்கு 15 பென்ஸ் வீதம் அது 288 நாள் உணவுக்குப் போதுமானது. கனவானாகத் தோன்றுவதற்குச் செலவழித்த தொகை, மாணவராக ஒன்பது திங்களுக்கு மேல் உண்பதற்குரிய தொகையாக இருந்தது. தொப்பி மட்டுமே பதினைந்து நாள் உணவுக்குச் சமம். அப்பணமும் அவர் ஈட்டியதன்று. ஊரிலிருந்து தமையனார் அனுப்பியது.

அவர் மேற்கொண்ட பயிற்சிகளுள் தலையாயது கணக்கெழுதுதல். வண்டிக்கூலி, தபால் தலை, செய்தித்தாளுக்குரிய சில காசு ஆகியவற்றையும் விடாது எழுதினார். உறங்கச் செல்லுமுன் இருப்பைச் சரிபார்த்தார். பின்னாளில் பொதுப்பணம் இலக்கக்கணக்கில் தம் கையில் வந்தபோதும் கடன்படாது இயக்கங்களை நடத்த இயன்றதற்கு இப்பழக்கமே காரணம் என்று அவரே கூறுகிறார்.

இந்நாளில் பணம் கொடுக்கும் முறை மாறிவிட்டது. 2016இல் யு.பி.ஐ. முறை வந்தபின், பெட்டிக்கடை முதல் பெருங்கடை வரை கைப்பேசியைத் தொட்டவுடன் பணம் சென்றுவிடுகிறது. பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது எழும் தயக்கம் இம்முறையில் எழுவதில்லை. மற்றொரு புறம், செலுத்திய தொகை ஒவ்வொன்றும் நாள், மணி குறித்துத் தானே பதிவாகிவிடுகிறது. இலண்டன் மாணவர் கையால் எழுதியதைக் கைப்பேசி தானாக எழுதுகிறது. ஆனால் இரவில் அமர்ந்து, "இது எதற்காக?" என்று கேட்கும் வேலையைக் கைப்பேசி செய்யாது. அதனை நாமே செய்தல் வேண்டும்.

பட்டம் உண்டு, திசை இல்லை

1891 சூன் 10ஆம் நாள் அவர் பாரிஸ்டர் ஆனார். 12ஆம் நாள் தாயகத்திற்குக் கப்பலேறினார். சட்டம் படித்தாரேயன்றி வழக்கு நடத்தக் கற்கவில்லை என்னும் அச்சம் அவரை வாட்டியது. புறப்படுமுன் ஃபிரெடரிக் பின்காட் என்னும் பெரியவரை நாடி ஆலோசனை கேட்டார். சாதாரண வழக்கறிஞராக வாழ வியத்தகு திறமை வேண்டுவதில்லை. நேர்மையும் உழைப்புமே போதும் என்னும் கருத்துப்பட அவர் தேற்றினார்.

ஊரில் இருந்த நிலை வேறு. தம்பி பாரிஸ்டராக வந்து பெரும்பொருள் ஈட்டுவார் என்னும் நம்பிக்கையில் தமையனார் வீட்டுச் செலவை முன்னரே உயர்த்தியிருந்தார். பீங்கான் பாத்திரங்களும் தேநீரும் காப்பியும் வீட்டிற்குள் வந்துவிட்டன. தம்பி மேனாட்டு உடையையும் சேர்த்தார். வருவாய் வருமுன்னரே செலவு வந்து அமர்ந்துகொண்டது. நம் இல்லங்களிலும் பிள்ளைக்கு வேலை கிடைக்குமுன்னரே அவ்வேலைக்குரிய வாழ்க்கைத்தரத்தைக் கடனுக்கு வாங்கிவிடுகிறோம் அல்லவா? பிள்ளை தனக்கு ஏற்ற தொழிலைத் தேடும் உரிமையை அக்கடன் பறித்துவிடுகிறது. கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும் நிலைக்கு அதனைத் தள்ளிவிடுகிறது.

பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் மாமிபாய் என்னும் பெண்மணிக்காக முதல் வழக்கில் அவர் தோன்றினார். கட்டணம் 30 ரூபாய். தரகுப்பணம் கொடுக்க மறுத்துவிட்டுத்தான் அவ்வழக்கை ஏற்றார். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றவர்க்குத் தலை சுற்றியது, நா எழவில்லை. வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறு கூறிவிட்டு வெளியேறினார். 51 ரூபாய்க்கு மற்றொருவர் அவ்வழக்கை நடத்தினார்.

அடுத்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் தேவை, ஊதியம் 75 ரூபாய் என்னும் விளம்பரத்தைக் கண்டு ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். நேர்காணலுக்கும் சென்றார். இலண்டன் மெட்ரிகுலேஷன் தேறியவராயினும் பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர் என்று பள்ளியினர் ஏற்கவில்லை. ஆசிரியப் பணி செய்தோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கும். ஏறத்தாழ ஆறு திங்களில் பம்பாய் வாழ்வை முடித்துக்கொண்டு இராஜ்கோட்டிற்குத் திரும்பி, மனுக்கள் எழுதிக் கொடுத்துத் திங்களுக்குச் சராசரி 300 ரூபாய் ஈட்டினார். வயிறு நிறைந்தது; உள்ளம் நிறையவில்லை.

அக்காலத்தில் அவருக்கு ஒரு நற்றுணை வாய்த்தது. பம்பாயில் இறங்கிய நாளிலேயே, பின்னர் ஸ்ரீமத் ராஜசந்திரர் என்று போற்றப்பெற்ற ராய்ச்சந்த்பாயைச் சந்தித்தார். 1867இல் பிறந்த ராய்ச்சந்த்பாய் அவரைவிட ஈராண்டே மூத்தவர். முத்து, வைர வணிகர். அவருடைய மேசையில் எப்போதும் ஒரு சமய நூலும் நாட்குறிப்பும் இருக்கும். பெருந்தொகை வணிகப் பேச்சு முடிந்த மறுகணமே அவர் அவற்றைத் திறந்துவிடுவார். நேர்மையான தொழிலைச் செய்துகொண்டே அதில் தன்னை இழந்துவிடாமல் இருக்க இயலும் என்பதை அவ்விளம் பாரிஸ்டர் கண்ணாரக் கண்டார். தொழில் தேடுவோர்க்கு அத்தகைய ஒருவரின் பழக்கம் பெரும்பேறு.

மற்றுமொரு சிறு பொருள்

1893இல் தாதா அப்துல்லா நிறுவனத்தார் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் உதவ அவரை அழைத்தனர். ஓராண்டுக்கு மேற்படாத பணி. 105 பவுன் ஊதியம். போக வர முதல் வகுப்புக் கட்டணம். பாரிஸ்டராக அன்று, நிறுவனத்தின் ஊழியராகவே செல்கிறோம் என்று அறிந்தும் அவர் ஒப்புக்கொண்டார்.

அவ்வழக்கோ கணக்கு வழக்கு. பற்று, வரவு என்று பேசப்பட்டவை அவருக்கு விளங்கவில்லை. கடனுறுதிச் சீட்டைக் குறிக்கும் வணிகக் குறியீடும் புரியவில்லை. அதற்காக நாணி மறைத்தாரில்லை. தெரிந்தவர் போல நடித்தாரில்லை. கணக்குப் பதிவியல் நூல் ஒன்றை விலைக்கு வாங்கிக் கற்றார். அதனால் நம்பிக்கை பிறந்தது. வழக்கின் செய்திகளை அடிமுதல் நுனிவரை ஆராய்ந்தார். தம் கட்சிக்காரரின் வழக்கு வலிமையானது என்று கண்டார். எனினும், வழக்காடிக்கொண்டே போனால் உறவினரும் ஒரே ஊரினருமான இரு வணிகரும் அழிவர் என்பதையும் கண்டார். இருவரையும் இணங்கவைத்து நடுவர் தீர்ப்புக்கு விடச் செய்தார். 37,000 பவுனும் செலவுத்தொகையும் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஒரே முறையில் செலுத்தினால் எதிரி நொடித்துப்போவார் என்பதால், நீண்ட தவணைகளை ஏற்குமாறு தாதா அப்துல்லாவை இசைவித்தார். பிளவுபட்டோரை ஒன்றுசேர்ப்பதே வழக்கறிஞர் தொழிலின் உண்மைப் பணி என்பதை அன்று கற்றதாக அவர் எழுதுகிறார். அதுவே அவர் கண்ட திசை.

ஒப்பிட்டுப் பாருங்கள். தொப்பியும் வயலினும் அவரைப் பிறர் காண்பதற்காக வாங்கப்பட்டவை. சால்ட்டின் நூலும் அடுப்பும் கணக்கு நூலும் அவர் ஒன்றைச் செய்வதற்காக வாங்கப்பட்டவை. பின்னாளில் சலவைச் செலவு மிகுந்தபோது சலவைக்குரிய கருவிகளையும், சலவை பற்றிய நூலையும் வாங்கிக் கற்றார். முதல்முறை துவைத்த கழுத்துப்பட்டியிலிருந்து கஞ்சி உதிர, நீதிமன்றத்தில் உடனிருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர். சூப்பைப் பற்றிக் கேட்டதற்காக ஒருவர் சினந்தபோது கூசியவர், இப்போது பலர் நகைத்தும் கூசவில்லை. இடையே அவர் தம் வேலையைக் கண்டுகொண்டார் என்பதே காரணம்.

உடையின் மதிப்பு

இதனால் உடை ஒரு பொருட்டன்று என்று கருதற்க. டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு நடுவர் கூறியபோது, அவர் மறுத்து வெளியேறினார். 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்தமையால் முன்பற்கள் உடைந்து, கிழிந்த உடையோடு அவர்முன் வந்து நின்றார். தலைத்துண்டு அவர் கையில் இருந்தது. வெள்ளையர்முன் அதனைக் கழற்றிப் பிடித்திருப்பது அங்கு வழக்கமாயிருந்தது. முதலில் அத்துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் கூறினார். பின்னர் அவரை அக்கொடுமையிலிருந்து மீட்டு வேறு முதலாளியிடம் சேர்ப்பித்தார். ஓராண்டுக்காகச் சென்றவரை இத்தகைய பணிகளே அங்கு நிறுத்திவைத்தன. இடையில் இந்தியா வந்து சென்றாராயினும் 1914இல்தான் அந்நாட்டை விட்டு நிலையாகத் திரும்பினார். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் நம் மதுரை மாநகரில் அவர் ஏழை உழவரைப் போன்று அரையாடை பூண்டதை யாவரும் அறிவர். இலண்டனில் தம் வேறுபாட்டை மறைப்பதற்காக அவர் உடுத்தினார். மதுரையில் தாம் யாருக்கு உரியவர் என்பதைக் காட்டுவதற்காக உடுத்தினார்.

நம் இல்லங்களுக்கு

நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். புலால் உண்ணாமையும் இரவு உண்ணாமையும் தோழரிடையே அவர்களைத் தனித்துக் காட்டுகின்றன. அக்கூச்சத்தை ஈடுசெய்ய விலையுயர்ந்த காலணியும் கைப்பேசியும் கேட்கின்றனர். பெற்றோர் அதனை ஊதாரித்தனம் என்று மட்டும் எண்ணிக் கடிந்துகொள்ளலாகாது. காலணிக்குப் பின்னால் உள்ள கூச்சத்தைக் காணவேண்டும். தம் நெறியின் காரணத்தை அறிந்த பிள்ளைக்குக் கூச்சம் குறைவு. அதனை அறிவிக்கும் ஒரு நல்ல நூலின் விலை காலணியின் விலையில் சிறு பகுதியே.

படிப்பிலும் மோஸ்தர் உண்டு. தமிழகத்தில் 2000க்குப் பின்னர்த் தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பெருகின. "ஆசிரியப் பயிற்சி முடித்தால் அரசு வேலை" என்னும் சொல் ஊரெங்கும் பரவ, கற்பித்தலில் நாட்டமில்லாத பெண்களையும் பெற்றோர் அதில் சேர்த்தனர். பின்னர்ச் சேருவோர் குறைந்து பல நிறுவனங்கள் மூடப்பட்டன. 2012இல் நடந்த முதல் தகுதித் தேர்வில் மிகச் சிலரே தேறினர். அதே ஆண்டில் மறுதேர்வு நடத்த வேண்டியதாயிற்று. ஆசிரியப் பயிற்சியில் ஈடுபட்டோர் ஒன்றை நன்கு அறிவர். வகுப்பறைக்கு வெளியிலும் சிறுவரைச் சேர்த்துவைத்துக் கதை கூறும் பெண், எந்த ஆண்டு பயின்றாலும் ஆசிரியையாக நிலைத்தாள். ஊரார் கூறியதற்காக வந்தவள் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பொறியியலுக்கும் கணினிக்கும் இதே நியதிதான்.

ஆகவே திசையறியாத இளைஞர்க்குக் கூறத்தக்கது இது. உனக்குரிய பெருந்தொழில் எது என்று வானத்தை நோக்கிக் காத்திராதே. கையில் உள்ள சிறுபணி எதுவாயினும் அதில் உனக்கு விளங்காதது எது என்று பார். அதனைக் கற்கச் செலவிடு. காந்தியடிகள் ஒரு வழக்கின் கணக்கைக் கற்கப்போய்த்தான் தம் வாழ்வின் பணியைக் கண்டார்.

பயிற்சி

1. ஒரு திங்கள் முழுவதும் செலவுகளைக் குறித்து வைக்கவும். நாள்தோறும் உறங்குமுன் அவற்றைப் படிக்கவும்.

2. ஒவ்வொரு செலவுக்கும் எதிரே "பிறர் காண", "நான் செய்ய", "இன்றியமையாதது" என்னும் மூன்றுள் ஒன்றை எழுதவும். திங்கள் முடிவில் ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டவும்.

3. "நான் செய்ய" என்னும் தலைப்பின்கீழ் வந்தவற்றை மட்டும் தனித்தாளில் எழுதி, அவை எத்திசையைக் காட்டுகின்றன என்று பெற்றோருடன் கலந்து பேசவும். ஒருவர் தம் கைப்பணத்தில் விரும்பி வாங்கிய தையல் ஊசிகளோ, விதைகளோ, நூல்களோ, கருவிகளோ அவருடைய நாட்டத்திற்குச் சான்று பகரும்.

4. அடுத்த திங்களுக்கு, "பிறர் காண" என்னும் வகைக்கு ஓர் எல்லைத்தொகையைத் திங்கள் பிறக்குமுன்பே வகுத்துக்கொள்ளவும். அதனைக் கடைப்பிடிப்பதே ஒரு சிறு விரதமாகும்.

5. பெற்றோர்க்கு: மகனுக்கோ மகளுக்கோ நீங்கள் தேர்ந்தெடுத்துள்ள படிப்பு மேற்கண்ட மூன்று தலைப்புகளுள் எதில் அடங்கும்? விடையைப் பிள்ளையின் முன்னிலையில் எழுதுக.

பயிற்சியைத் தனியே செய்வதினும் குடும்பமாகச் சேர்ந்து செய்தல் நன்று. தந்தையும் தாயும் தம் செலவுகளையும் அவ்வாறே எழுதி முன்வைத்தால், பிள்ளைகளும் தம் கணக்கை மறைக்கமாட்டார்கள். வரும் திங்கள் முதல் நாளிலேயே ஒரு குறிப்பேட்டை வாங்கித் தொடங்குவோமாக. அச்சிறு பொருள் நம் இல்லங்களில் நற்பயன் விளைப்பதாகுக.